ஒரே கோடு, பல சல்லடைகள்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6 மணி 28 நிமிடம் 53 நொடிக்குச் சுமத்ராவின் மேற்குக் கரையை ஒட்டிக் கடலடிப் பாறை கிழியத் தொடங்கியது. கால் மணி நேரத்தில் ஹவாய்த் தீவுகளிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதல் தகவலை அனுப்பியது. நிலநடுக்கத்தின் அளவு 8.0 என்றது அது. ஒரு மணி நேரம் கழித்து வந்த இரண்டாவது தகவலில் எண் 8.5 ஆகியிருந்தது. ஏறக்குறைய 9.05 மணிக்குச் சென்னைக் கடற்கரையை முதல் அலை தொட்டது. அதற்குப் பிறகும் சுமார் இரண்டு மணி நேரம் ஆன பிறகுதான் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கணக்கு 8.9 என்று வந்தது. பிறகு 9.0. அடுத்த ஆண்டு இரண்டு ஆய்வாளர்கள் 9.3 என்றார்கள்.

பாறை கிழிந்து முடிந்தது சில நிமிடங்களில். எண் மட்டும் எப்படி மாதக்கணக்கில் வளர்ந்தது?

கருவிகள் பொய் சொல்லவில்லை. அன்று காலை உலகெங்கும் பதிவான கோடுகள் இன்றுவரை ஒரு புள்ளிகூட மாறவில்லை. அந்தக் கோடுகளை எந்தச் சல்லடையில் போட்டுச் சலித்தார்கள் என்பதுதான் மாறியது. இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. வீட்டு மேசையில் இருக்கும் சாதாரணக் கணினியும் இணைய இணைப்பும் போதும்.

உலக நிலநடுக்க வலையமைப்பு என்ற பெயரில் ஏறத்தாழ 150 நிலையங்கள் இரவு பகலாகத் தரையின் அசைவைப் பதிந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் பதிவுகள் அமெரிக்காவின் எர்த்ஸ்கோப் தரவு மையத்தில் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும். நிலையத்தின் பெயரையும் தேதியையும் நேரத்தையும் சொன்னால் கோப்பு வந்துவிடும். அதைத் திறந்து பார்க்கும் மென்பொருள்களும் பல உண்டு. அலாஸ்கா எரிமலை ஆய்வகத்தில் உருவான ஸ்வார்ம், பள்ளிக்கூடங்களுக்கென்றே எளிமையாக எழுதப்பட்ட ஜேஅமாசைஸ், அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்திலிருந்து வந்து நிலநடுக்கவியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகிவரும் சாக் ஆகியவை அவற்றுள் சில. தோற்றம் வேறு வேறாக இருந்தாலும் இவை செய்யும் வேலை ஒன்றுதான்: கோட்டைக் காட்டுவது, நீட்டிச் சுருக்குவது, சலிப்பது, அளப்பது.

தமிழ் வாசகர் திறந்து பார்ப்பதற்குப் பொருத்தமான நிலையம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. கண்டிக்கு அருகிலுள்ள பல்லேகலை. நிலநடுக்கம் தொடங்கிய இடத்திலிருந்து சுமார் 1,750 கிலோமீட்டர் தொலைவு.

கோப்பைத் திறந்ததும் திரையில் மூன்று கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். தரை மேலும் கீழும் அசைந்ததற்கு ஒரு கோடு, வடக்கு தெற்காக அசைந்ததற்கு ஒன்று, கிழக்கு மேற்காக அசைந்ததற்கு ஒன்று. அடியில் ஓடும் நேரம் கிரீன்விச் நேரம். புதிதாகப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் முதலில் தடுமாறுவார்கள். பல்லேகலைப் பதிவைப் பொறுத்தவரை தடுமாற்றம் இரட்டிப்பாகும். 2004-இல் இலங்கைக் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட அரை மணி நேரம் முன்னால் ஓடியது. சென்னையில் ஆறரை என்றால் கண்டியில் ஏழு. நிலநடுக்கவியலாளர்கள் ஊர் நேரத்தைத் தொடாமல் உலகம் முழுவதற்கும் ஒரே நேரத்தை வைத்துக்கொள்வதன் அருமை இங்கே புரியும்.

இடப்பக்கம் செங்குத்தாக எண்கள் நிற்கும். அவை மில்லிமீட்டரும் அல்ல, சென்டிமீட்டரும் அல்ல, வெறும் எண்ணிக்கை. தரையின் அசைவை நிலநடுக்கமானி மின்னழுத்தமாக மாற்றுகிறது. அந்த மின்னழுத்தத்தை ஒரு மின்னணுக் கருவி நொடிக்கு 20 முறை, 40 முறை, சில இடங்களில் 100 முறை அளந்து எண்ணாக எழுதிக்கொள்கிறது. நல்ல கருவியின் அளவுகோலில் சுமார் 1 கோடியே 67 லட்சம் படிகள் இருக்கும். பக்கத்துத் தெருவில் லாரி போவதும் அதே கோலில் விழ வேண்டும், பூமியையே உலுக்கும் அதிர்ச்சியும் அதே கோலில் அடங்க வேண்டும் என்பதால்தான் இத்தனை படிகள்.

நாள் முழுவதற்குமான பதிவை ஒரே பார்வையில் வைத்தால் ஏமாற்றமாக இருக்கும். இடப்பக்க ஓரத்தில் சிறிது தூரம் நூல் பிடித்தாற்போல் நேர்கோடு, உடனே ஒரு பெரிய கருந்திட்டு, அதற்குப் பிறகு மெல்ல இளைக்கும் நீண்ட வால். ஆனால் அந்த நேர்கோடு உண்மையில் நேர்கோடு அல்ல. நிலநடுக்கம் வருவதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தை மட்டும் சுட்டியால் இழுத்துத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கினால், கோடு மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்குவது தெரியும். ஓர் ஏற்ற இறக்கத்துக்குச் சுமார் ஐந்து முதல் எட்டு நொடி. அது கடல். பெருங்கடலின் அலைகள் ஒன்றோடொன்று மோதிக் கடலடியை அழுத்த, அந்த அழுத்தம் தரைவழியே உள்நாட்டு மலைவரை வந்து சேர்கிறது. இதைவிட வேகமான சிறு நடுக்கங்களெல்லாம் பெரும்பாலும் மனிதர்களுடையவை. 2020-இல் ஊரடங்கு வந்தபோது உலகின் பல நிலையங்களில் இந்த மனித இரைச்சல் பாதியளவுக்குக் குறைந்ததை அறிவியலாளர்கள் இப்படித்தான் கண்டார்கள். பதிவில் மௌனம் என்று ஒன்று கிடையாது.

நிலநடுக்கம் தொடங்கி ஏறத்தாழ மூன்றே முக்கால் நிமிடம் ஆனபோது அந்தக் கடல் மூச்சு சட்டென்று உடைகிறது. முதன்மை அலை வந்துவிட்டது. பாறையை அழுத்தியும் தளர்த்தியும் முன்னேறும் இந்த அலையைப் பி அலை என்பார்கள். அம்புக்குறியை அந்த இடத்தில் வைத்து அழுத்திக் குறிக்க வேண்டும். கேட்பதற்கு எளிய வேலை. ஆனால் கோட்டை மேலும் மேலும் பெரிதாக்கிக்கொண்டே போனால், இரைச்சல் எங்கே முடிந்தது, அலை எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாத ஓர் இடம் வரும். தேர்ந்த இருவர் குறித்தாலும் நொடியில் ஒரு பங்கு முன்பின் இருக்கத்தான் செய்யும். கணினி தானே குறித்துவிடும் இந்தக் காலத்திலும் முக்கியமான பதிவுகளை மனிதக் கண் ஒருமுறை பார்ப்பது இதனால்தான்.

பி அலைக்குச் சுமார் மூன்று நிமிடம் பின்னால் இரண்டாம் அலை, அதாவது எஸ் அலை வருகிறது. இது பாறையைப் பக்கவாட்டில் உலுக்கிக்கொண்டு வருவதால் கிடைமட்டக் கோடுகளில் நன்றாகத் தெரியும். ஒரே நேரத்தில் கிளம்பிய எக்ஸ்பிரஸ் ரயிலும் பாசஞ்சர் ரயிலும் ஓர் ஊரை எவ்வளவு இடைவெளியில் கடந்தன என்று தெரிந்தால் அவை எவ்வளவு தூரத்திலிருந்து வருகின்றன என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதே கணக்குத்தான் இங்கும். ஒரு நிலையம் தூரத்தை மட்டும் சொல்லும், திசையை உறுதியாகச் சொல்லாது. மூன்று நான்கு நிலையங்களின் தூரங்களை வட்டமாக வரைந்தால் அவை சந்திக்கும் இடம் கிடைத்துவிடும்.

இந்த அலைகளைக் காகிதத்தில் தனித்தனியே அடையாளம் கண்டவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். 1897 ஜூன் 12-இல் அசாமை உலுக்கிய பெரு நிலநடுக்கம் ஐரோப்பாவின் கருவிகளில் விழுந்திருந்தது. அந்தப் பதிவுகளில் முதலில் வருவது, அடுத்து வருவது, கடைசியாகத் தரைப்பரப்பை ஒட்டி வரும் பரப்பலை என மூன்று வகை இருப்பதை அவர் பிரித்துக் காட்டினார். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் கொடைக்கானல் மலையிலும் மில்ன் வகை நிலநடுக்கமானி ஒன்று வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அன்று பதிவைச் சலிக்க வழியில்லை. காகிதத்தில் விழுந்தது விழுந்ததுதான்.

எண்ணாகப் பதிந்துவைத்ததன் பெரிய லாபம் இதுவே. ஒரே கோட்டை எத்தனை முறை வேண்டுமானாலும், எந்தச் சல்லடையில் வேண்டுமானாலும் போட்டு எடுக்கலாம். மூலப் பதிவு அப்படியே இருக்கும்.

வீட்டுச் சமையலறையில் மாவுச் சல்லடை ஒன்று, ரவைச் சல்லடை ஒன்று இருக்கும். மென்பொருளின் வடிகட்டியும் அந்த மாதிரிதான். நொடிக்கு எத்தனை முறை அசைகிறது என்பதை அலைவெண் என்கிறோம். நொடிக்கு இரண்டிலிருந்து நான்கு முறை அசைவதை மட்டும் விடு, மற்றதை நிறுத்து என்று சொன்னால் கோட்டில் பொடி நடுக்கங்கள் மட்டும் மிஞ்சும். 200 நொடிக்கு ஒருமுறை அல்லது அதைவிட மெதுவாக அசைவதை மட்டும் விடு என்றால் பொடியெல்லாம் மறைந்து மெதுவான பெரிய வளைவுகள் எழும். இரண்டும் ஒரே பதிவுதான் என்று சொன்னால்கூட முதலில் நம்ப மனம் வராது.

2004-இன் எண்குழப்பம் இந்த இடத்தில்தான் பிறந்தது. அதைப் புரிந்துகொள்ளத் தீபாவளிச் சரவெடியை நினைத்துக்கொள்ளலாம். பத்தாயிரம் வாலா சரத்தைத் தெரு நீளத்துக்கு விரித்து ஒரு முனையில் பற்றவைக்கிறார்கள். முதல் வெடி டப்பென்று வெடிக்கிறது. அந்த ஒரு சத்தத்தை மட்டும் அளந்துகொண்டு சரத்தின் நீளம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. நூறு வாலாவின் முதல் வெடியும் இப்படித்தான் சத்தமிடும். எவ்வளவு நேரம் வெடிக்கிறது என்று கேட்டுக்கொண்டு நின்றால்தான் நீளம் தெரியும்.

பெரிய நிலநடுக்கமும் ஒரு புள்ளியில் நடப்பதல்ல. பாறைப் பிளவு ஒரு முனையில் தொடங்கி ஓடுகிறது. சுமத்ராவில் தொடங்கிய பிளவு நிக்கோபார் வழியே அந்தமான்வரை வடக்கு நோக்கி 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறை அசையும் பி அலையின் தொடக்கப் பகுதியை அளக்கும் பழைய முறை, அந்த நிலநடுக்கத்துக்கு 7-ஐ ஒட்டிய எண்ணைத்தான் தந்தது. முதல் வெடியின் சத்தத்தைத்தான் அது அளந்தது. முதல் சில நிமிடப் பி அலையைக் கொண்டு கணக்கிட்டால் 8. இன்னும் மெதுவான அலைகளை எடுத்தால் 8.5. இந்த அளவுகோலில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும் என்பதால், 8-க்கும் 9-க்கும் நடுவிலுள்ள இடைவெளி சிறிய பிழை அல்ல. அன்று அது உயிர்களின் கணக்கு.

இதில் மனத்தை உலுக்கும் ஒரு செய்தி உண்டு. பல்லேகலைக் கோட்டில் பி அலை வந்து விழுந்தது நான்காவது நிமிடத்தில். எஸ் அலை ஏழாவது நிமிடத்தில். அந்த நேரத்தில் அந்தமான் பக்கம் பிளவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இலங்கைத் தரை அசையத் தொடங்கியபோது நிலநடுக்கம் இன்னும் முடிந்திருக்கவில்லை. முடியாத ஒன்றின் அளவை எந்தக் கருவியாலும் அந்த நேரத்தில் சொல்லியிருக்க முடியாது.

சரம் எவ்வளவு நேரம் வெடித்தது என்று பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்கள்? தொலைவிலுள்ள நிலையத்தில் பி அலை தொடங்கும் இடம் தெளிவாக இருக்கும். முடியும் இடம்தான் தெரியாது. நேராக வந்த அலை ஓய்வதற்குள், தரைப்பரப்பில் முட்டித் திரும்பி வந்த எதிரொலிகள் அதன்மேல் வந்து ஏறிக்கொள்ளும். சிடாவோ நி, ஹிரூ கனமோரி, டொனால்ட் ஹெல்ம்பெர்கர் ஆகிய மூவரும் 2005-இல் இதற்கு அழகான ஒரு வழி செய்தார்கள். இரண்டு தெரு தள்ளிக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கி பாடினால் தவில் அதிர்வு காதுக்கு வரும், பாடகரின் உச்சக் குரல் வராது. நெடுந்தூரம் போகும் ஒலி முதலில் இழப்பது மெல்லிய உச்சத்தைத்தான். எதிரொலி அலைகளும் பூமிக்குள் அதிகத் தூரம் சுற்றி வருவதால் வேகமான நடுக்கங்களை இழந்துவிடுகின்றன. அப்படியானால் நொடிக்கு 2 முதல் 4 முறை அசைவதை மட்டும் சலித்தெடுத்தால் எதிரொலிகள் கழிந்துபோய் நேராக வந்த அலை மட்டும் மிஞ்ச வேண்டும்.

மிஞ்சியது. சலித்த கோடு சுமார் 500 நொடி நீண்டது. எட்டு நிமிடத்துக்கும் மேல்.

அதோடு நிற்கவில்லை. தெருவில் விரித்த சரம் தன்னை நோக்கி ஓடிவரும் முனையில் நிற்பவருக்கு வெடிகள் நெருக்கிக் கேட்கும். பற்றவைத்த முனையில் நிற்பவருக்கு ஒவ்வொரு வெடியும் இன்னும் தள்ளிப் போய்க்கொண்டே இருப்பதால் சத்தம் இழுத்து இழுத்துக் கேட்கும். பதிவுகளும் அப்படியே இருந்தன. பிளவு ஓடிய திசையில், வடமேற்கே இருந்த நிலையங்களில் இந்த நடுக்கம் குறுகியிருந்தது. எதிர்த்திசையில் நீண்டிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டால் பிளவு எந்தப் பக்கம் ஓடியது, நொடிக்குச் சுமார் 2.5 கிலோமீட்டர் வேகத்தில் எவ்வளவு தூரம் ஓடியது என்பதெல்லாம் வந்துவிடுகிறது. கடலடிக்குப் போகாமல், எளிய ஒரு வடிகட்டியை வைத்துக்கொண்டு மட்டும் இதைச் சொல்ல முடிந்தது என்பது இந்தத் துறையின் மிக நேர்த்தியான வேலைகளில் ஒன்று.

இனி எதிர்ப்பக்கச் சல்லடை. பல்லேகலைக் கோட்டில் முதலில் கருவியின் குணத்தைக் கழிக்க வேண்டும். எந்தக் கருவியும் எல்லா அசைவுகளையும் ஒரே மாதிரி உணராது. எதை எவ்வளவு கூட்டிக் குறைத்து உணரும் என்ற விவரம் கோப்போடு சேர்ந்தே வரும். மென்பொருள் அதைக் கொண்டு வெறும் எண்ணிக்கையைத் தரையின் உண்மையான அசைவாக மாற்றித் தரும். மாற்றிப் பார்த்தால், பரப்பலைகள் கடந்தபோது பல்லேகலைத் தரை மேலும் கீழுமாக 9 சென்டிமீட்டருக்கு மேல் போய் வந்திருக்கிறது. ஒரு விரலின் நீளத்தைவிட அதிகம். அந்த ஏற்ற இறக்கம் பல பத்து நொடி எடுத்துக்கொண்டு நடப்பதால் உடலுக்கு அது உறைக்காது. அன்று பூமியில் எந்த மூலையிலும் தரை குறைந்தது 1 சென்டிமீட்டராவது அசைந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

வடிகட்டியை இன்னும் மெதுவான பக்கம் நகர்த்தினால் பி அலைக்கும் எஸ் அலைக்கும் நடுவே, வேகமான நடுக்கங்களுக்கு அடியில், ஒரு நீண்ட மேடு தெரியத் தொடங்கும். பழைய கண்கள் அதைக் கவனிக்கவே இல்லை. கனமோரி 1993-இல் அதற்கு டபிள்யூ கட்டம் என்று பெயர் வைத்தார். 1992-இல் நிக்கராகுவாவில் லேசாக ஆடிவிட்டுப் பெரிய சுனாமியைக் கிளப்பிய ஒரு நிலநடுக்கத்தின் பதிவில் அது அவர் கண்ணில் பட்டிருந்தது. முழுச் சரத்தின் நீளமும் இந்த மெதுவான மேட்டில் அடங்கியிருக்கிறது. அதோடு மற்ற பெரிய அலைகளுக்கு முன்பே வந்துவிடுகிறது. 2004-க்குப் பிறகுதான் இதைக் கணக்கிடும் முறை எச்சரிக்கை மையங்களின் கணினிகளில் ஏறியது. 2011-இல் ஜப்பானின் தொகோக்கு நிலநடுக்கத்தின்போது அந்நாட்டு வானிலை முகமை மூன்று நிமிடத்தில் தந்த முதல் எண் 7.9. டபிள்யூ கட்டக் கணக்கு சுமார் 20 நிமிடத்தில் 9.0 என்றது. 2004-இல் நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்த வேலை அது.

அளவு மட்டும் போதாது என்பதைச் சென்னைவாசிகள் 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் கண்டார்கள். சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலநடுக்கம். நகரத்தின் அலுவலகக் கட்டடங்கள் ஆடின, மக்கள் படியிறங்கித் தெருவுக்கு ஓடிவந்தார்கள், சுனாமி எச்சரிக்கையும் வந்தது. பெரிய அலை வரவில்லை. அந்தப் பிளவில் பாறைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தன. கடலடி எழவில்லை, அதனால் தண்ணீரும் பெரிதாக எழவில்லை. எந்த நிலையத்தில் முதல் அசைவு மேல்நோக்கி இருந்தது, எதில் கீழ்நோக்கி இருந்தது என்று கோடுகளைப் பார்த்து இதைப் பிரித்தறியலாம். பிளவு தள்ளிய பக்கத்தில் இருந்தவை மேலே குதிக்கும், இழுத்த பக்கத்தில் இருந்தவை கீழே சரியும்.

2004-க்குத் திரும்பினால், 9.3 என்ற எண் வந்த சல்லடை எல்லாவற்றிலும் மிகப் பெரிய கண்ணுடையது. கோயில் மணியை ஒருமுறை அடித்தால் நாக்கு நின்ற பிறகும் மணி ரீங்கரிக்கிறது. அன்று பூமி முழுவதும் அப்படி ஒலித்தது. பல நாள் பதிவை ஒட்டுமொத்தமாகக் கொடுத்து எந்த அலைவெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறதென்று மென்பொருளைக் கேட்டால், படத்தில் ஊசி ஊசியாகச் சில முனைகள் எழும். ஒன்று 54 நிமிடத்துக்கு ஒருமுறை. பூமி நீண்டும் தட்டையாகியும் மாறி மாறி உருவெடுக்கும் அசைவு அது. இன்னொன்று இருபதரை நிமிடத்துக்கு ஒருமுறை. பூமி முழுவதும் ஒன்றாக உப்பி ஒன்றாகச் சுருங்குவது. இந்த மிக மெதுவான ஒலிகளின் பலத்தைக் கொண்டுதான் சேத் ஸ்டைனும் எமில் ஒகாலும் 9.3 என்று கணக்கிட்டார்கள்.

சல்லடையின் கண் ஒவ்வொரு படியாகப் பெரிதாக, எண்ணும் கூடவே பெரிதானது.

இந்தியப் பெருங்கடல் தீவுகளிலும் கரைகளிலும் இருந்த நிலையங்களின் கிடைமட்டக் கோடுகளை இதே மாதிரி சலித்துப் பார்த்தவர்கள் வேறொன்றையும் கண்டார்கள். ஆயிரம் நொடிக்கு ஒருமுறை அசையும் அளவுக்கு மெதுவான வளைவுகளை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் நிறுத்தினால் பி அலை, எஸ் அலை, பரப்பலை எல்லாம் மறைந்து கோடு அடங்கிவிடுகிறது. அந்த அடங்கிய கோட்டில், நிலநடுக்கம் கடந்து வெகுநேரம் கழித்து, கருவி ஒரு பக்கம் மிக மெல்லச் சாய்கிறது. பிறகு மறுபக்கம் சாய்கிறது. கரையில் வந்து ஏறிய தண்ணீரின் எடையில் தரை அந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது, தண்ணீர் வடிந்தபோது மீண்டிருக்கிறது. நிலநடுக்கத்தை அளக்க வைத்த கருவி அன்று சுனாமியையும் எழுதி வைத்திருந்தது.